கோழிவலை ஆண்டெனாவும் குண்டா மூடியும்

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, "கல்லூரி நினைவுகள்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூணு பேர் எழுதிட்டாங்க" என்று கேட்டுக்கொண்டார். நினைவுதான் எழுதப் போகிறேன். ஆனால் அதோடு கொஞ்சம் சரித்திரமும் சேர்ந்து வரும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது நினைவிருக்கும். மேச்சேரி சுற்றுவட்டாரத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளைத் தத்தெடுத்து, புரொஜெக்டரும், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியல் பாடத்துக்கு அசையும் படங்களோடு கூடிய பாடத் தொகுப்பும் வாங்கிக் கொடுப்பது என்று. கொண்டுவந்தவர் என் வகுப்புத் தோழர், நெருங்கிய நண்பர். நான் எழுந்து ஏதோ சொல்லப் போக, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று முடிவை இந்தச் சந்திப்பு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். பணம் நம் எல்லோருடையது. கொடுப்பதற்கு முன், இதே வேலையை நமக்கு முன்னால் செய்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்த்துவிடுவது நல்லதல்லவா?

முதலில் என் கதை. 2011 டிசம்பர். நாங்கள் இறுதியாண்டு. என்.எஸ்.எஸ். முகாம் என்ற பெயரில் நான்கு பேர் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். (தீர்மானம் கொண்டுவந்த நண்பரும் அதில் ஒருவர். அவருக்கு இது மறந்திருக்காது.) துறையிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி புரொஜெக்டர் வாங்கியிருந்தோம். 'நீரின் பயணம்' என்று 64 ஸ்லைடு. ஒரு வாரம் தூக்கமில்லாமல் செய்தது. ஒவ்வொரு ஸ்லைடிலும் எட்டு, பத்து வரி எழுத்து, பக்கத்தில் பறக்கும் மேகம், பின்னணியில் புல்லாங்குழல். அதை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். எங்களுக்கு அது ஒரு சினிமா எடுத்த பெருமை.

பள்ளிக்கு நாங்கள் கொண்டுபோன லேப்டாப்பில் பாமினி எழுத்துரு இல்லை. தலைப்பே ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளியுமாகக் கன்னாபின்னா என்று வந்தது. ஒரு பையன் எழுந்து, "சார், இது இந்திங்களா?" என்றான். பென் டிரைவில் எழுத்துருவைத் தேடி ஏற்றி, ஆரம்பித்து, ஒன்பதாவது ஸ்லைடு போகும்போது கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களின் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிராமங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூட இருந்த காலம் அது. வெளியே வந்து பார்த்தால் தூரத்தில் மேட்டூர் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி புகைந்துகொண்டுதான் இருந்தது. மின்சாரம் தயாராகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மின்சாரம் இல்லை. எலக்ட்ரிகல் மாணவர்களான எங்களுக்கு அதைவிட வேறு அவமானம் என்ன வேண்டும்?

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். அப்போது அந்த டீச்சர், "தம்பிங்களா, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை வரிசையாகச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆயாம்மா சோறு வடித்து இறக்கி வைத்திருந்தார். டீச்சர் குண்டாவின் மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி. "இது எங்கிருந்து வந்துச்சு கண்ணு? மூடியில யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மூடி வேர்த்துவிட்டது என்றது ஒரு குழந்தை. ஆவி மேலே போய் மூடியில் முட்டித் தண்ணீராகிவிட்டது என்று கடைசியில் ஒரு பெண் சொன்னாள். மூடியைச் சாய்த்ததும் துளிகள் சேர்ந்து ஓடிச் சொட்டின. "மழை!" என்று ஒரே கத்தல். எங்களுடைய 64 ஸ்லைடும் பத்து நிமிடத்தில், ஒரு மூடியில் முடிந்துபோயிற்று.

இதோடு நிறுத்தினால், படமெல்லாம் வெட்டி, மூடியே போதும் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. கிளம்பும்போது அந்த டீச்சர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "உங்க முதல் படத்துல கடல் வந்துச்சு பாருங்க, அலை அடிக்கிறாப்ல. அது நல்லா இருந்துச்சு தம்பி. எங்க புள்ளைங்க டேம்தான் பாத்துருக்குதுங்க. கடலப் பாத்ததில்ல."

இனி சரித்திரம்.

படத்தைக் காட்டிப் பாடம் சொல்வது நேற்று வந்ததல்ல. கொமீனியஸ் என்ற பாதிரியார் 1658-ல் நியூரம்பர்க் நகரில் குழந்தைகளுக்காகப் படப் பாடநூல் ஒன்று வெளியிட்டார். அது நூறாண்டுகளுக்கு மேல் ஐரோப்பா முழுக்கப் பயன்பட்டது. நம் பக்கத்தில், கல்வித் திட்டம் என்று சொல்ல முடியாவிட்டாலும், செய்திப்பட வண்டி இருந்தது. கிராமத்து மைதானத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, மலேரியாக் கொசு பற்றிய படம் காட்டியதை என் அப்பா சொல்லியிருக்கிறார். திரையில் கொசு யானை சைசுக்கு வந்ததாம். "அவ்வளவு பெரிய கொசு நம்ம ஊர்ல இல்லீங்களே" என்று ஒரு பெரியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனாராம். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் படம் காட்டுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயமும் கூட.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ல் டெல்லியில் வந்தது. இரண்டே வருடத்தில், 1961-ல், ஃபோர்டு பவுண்டேஷன் உதவியோடு டெல்லி உயர்நிலைப் பள்ளிகளுக்கு அறிவியல் பாடம் ஒளிபரப்பினார்கள். பல பள்ளிகளில் ஆய்வுக்கூடம் போதாது என்பது ஒரு முக்கியமான காரணம். ஆனாலும் அது தலைநகர், அதுவும் பெரிய பிள்ளைகளுக்கு. கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு அறிவியலைப் படமாகக் கொண்டுபோன முதல் பெரிய முயற்சி 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனைதான். இன்றைய மாணவர்களில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் கேள்விப்பட்டே ஆக வேண்டும்.

அதன் மூலவர் விக்ரம் சாராபாய். 1969 செப்டம்பரில் நாசாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இந்தியா ஒரு வருடம் இரவல் வாங்கிக்கொள்வது. தரையில் வேண்டிய எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது. சாராபாய் 1971 டிசம்பரில் காலமானார், அது நடந்ததைப் பார்க்கவில்லை. செயற்கைக்கோள் 1974 மே மாதம் ஏவப்பட்டது. அதன் ஆண்டெனா விண்ணில் போய்க் குடை மாதிரி விரிந்து 9 மீட்டர் அகலமாயிற்று. ஆண்டெனா மேலே அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் கீழே கிராமத்தில் சிறியது போதுமாயிற்று. 1975-ல் அதைக் கிழக்கே நகர்த்திக் கென்யாவுக்கு மேலே நிறுத்தினார்கள்.

கீழே வைத்த ஆண்டெனாவைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலைதான். 3 மீட்டர் விட்டத்தில் சட்டம் கட்டி அந்த வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வரும். வலையின் ஓட்டை அதைவிட எவ்வளவோ சிறியது என்பதால், அந்த அலைக்கு அது வலையில்லை, தகடு. நான்காம் செமஸ்டரில் நாம் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்த விஷயம், அங்கே ஆண்டெனாவின் விலையைக் குறைத்துக் கொடுத்தது! தொலைக்காட்சிப் பெட்டிகளை ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். செய்து கொடுத்தது. கரண்ட் இல்லாத சில ஊர்களில் பாட்டரியில் ஓட்டினார்கள். (2011-ல் எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று!)

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருடம். ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என்று ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. தெலுங்கும் கன்னடமும் இருந்தன, தமிழ் இல்லை. நமக்கு அதே ஆகஸ்டு 15-ம் தேதி சென்னைத் தொலைக்காட்சி வந்தது. ஆனால் அது சென்னையைச் சுற்றித்தான் தெரியும். மேச்சேரியில் அப்போது ரேடியோதான் ராஜா. பக்கத்து நாடான இலங்கையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்தக் கிராமத்து நிகழ்ச்சிகள் தெரிந்தன. கொழும்பில் வசித்த ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. புவிநிலைச் செயற்கைக்கோளால் உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அல்லவா, நம் இஸ்ரோ பொறியாளர்களே போய் அவர் வீட்டில் ஆண்டெனா வைத்துக் கொடுத்தார்கள்.

காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா, ஒவ்வொரு மொழிக்கும் இருபத்திரண்டரை நிமிடம். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரை எல்லோரும் ஒரே பெட்டிக்கு முன்னால். அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவே தயாரித்தது. அந்த வேலையில் முன்னின்றவர் இயற்பியலாளர் யஷ்பால். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தவர், குழந்தைகளுக்கான படத்தின் வசனத்தைப் பற்றி உட்கார்ந்து பேசினார். பாடப்புத்தகச் சுமையைக் குறைக்கச் சொன்ன 1993-ம் ஆண்டு அறிக்கையைத் தந்த குழுவின் தலைவரும் இவர்தான்.

முடிவு என்ன? இங்கேதான் தீர்மானத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்திலேயே சமூக ஆராய்ச்சியாளர்களைக் கிராமங்களில் தங்க வைத்து அளந்து பார்த்தார்கள். டி.வி. பார்த்த பிள்ளைகளுக்கு, பார்க்காத பிள்ளைகளைவிடப் பரீட்சை மதிப்பெண் குறிப்பிடும்படி ஏறவில்லை. ஆனால் பேச்சுத் திறன் வளர்ந்திருந்தது. மேலும் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு இடத்திலும் தேட வேண்டும் என்ற ஆர்வம் கூடியிருந்தது. ஆக, படம் பாடத்தை நடத்திவிடவில்லை, பசியைக் கிளப்பிவிட்டது. கடலைக் காட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கண்டார்கள். என் கணக்கில் அதுதான் சைட்டின் பெரிய காரியம். 1975 அக்டோபரிலும் 1976 கோடையிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள், பன்னிரண்டு நாள். இரண்டு தடவையும் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர். இதை என்.சி.இ.ஆர்.டி. 'மல்டிமீடியா' தொகுப்பு என்றே அழைத்தது. கம்ப்யூட்டரே இல்லாத மல்டிமீடியா! டி.வி.யில் ஒரு நிகழ்ச்சி, ரேடியோவில் ஒன்று, கையில் அச்சிட்ட புத்தகம், பிறகு ஊரில் கிடைக்கிற சாமானை வைத்துத் தானே சோதனை செய்து பார்ப்பது, சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி. இதில் ஆசிரியர்களின் அறிவியல் அறிவு கூடியது என்று தெளிவாகவே தெரிந்தது. பன்னிரண்டு நாளில் டி.வி. என்பது ஒரு பங்குதான். நம் தீர்மானத்தில் அந்த ஒரு பங்குக்கு மட்டும்தான் பணம் ஒதுக்கியிருக்கிறது.

ஒரு வருடம் முடிந்ததும் நாசா தன் செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. 1983-ல் நம்முடைய இன்சாட்-1பி வந்த பிறகு தொடக்கப் பள்ளி ஒளிபரப்பு மறுபடி ஆரம்பமானது. அதுவும் ஆறு மாநிலங்கள். அதிலும் தமிழ்நாடு இல்லை. (நமக்கும் செயற்கைக்கோளுக்கும் ராசியில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.) 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் ஏவப்பட்டபோது, தொடக்கப் பள்ளிக்கான பெரிய சோதனை எங்கே நடந்தது தெரியுமா? கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில். நாம் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறோமே, அந்த மலை அந்த மாவட்டத்தில்தான். எண்ணூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கன்னடத்தில் பாடம் தெரிந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. 2010-ல் எஜுசாட்டின் ஆயுள் முடிந்தது.

இந்தப் பக்கம் நாம் சும்மா இருந்தோம் என்று அர்த்தமில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் 'துளிர்' பத்திரிகை நடத்தினார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. அட்டைகள், தரையில் வட்டமாக உட்காருவது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளே எழுதும் கரும்பலகை. நாங்கள் புரொஜெக்டரோடு போனபோது அந்த வகுப்பு அப்படித்தான் இருந்தது. நாங்கள்தான் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பக்கம் திருப்பி உட்கார வைத்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சி.டி. காலம் ஒன்றும் நடுவில் வந்துபோனது. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடக் குறுந்தகடுகள் செய்து மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. சில வருடங்களில் அவர்களே, இது ஆசிரியருக்கு மாற்றாகாது என்று கண்டு, ஆசிரியர் பயிற்சியின் பக்கம் திரும்பினார்கள். குஜராத்தில் கியான் ஷாலா அமைப்பின் வகுப்புகளில் லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வும் உண்டு. அது கணக்குப் பாடம், அறிவியல் அல்ல. ஆனாலும் நமக்கு உதவும். வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார வைத்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே மென்பொருளை வகுப்பு முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். மென்பொருள் ஒன்றேதான். எதன் இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் வேறு.

எங்கள் 64 ஸ்லைடு ஏன் ஒன்பதாவதிலேயே பிள்ளைகளை அலுக்க வைத்தது என்பதற்கும் பின்னாளில் விடை கிடைத்தது. ரிச்சர்டு மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் இருபது முப்பது வருடம் இதையே சோதித்தவர். படத்தோடு குரல் சேர்ந்தால் புரிதல் கூடும். ஆனால் குரல் சொல்வதையே எழுத்திலும் போட்டால் குறையும், ஏனென்றால் கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறும். தேவையில்லாத பின்னணி இசையும் கெடுக்கும். எழுத்து, குரல், மேகம், புல்லாங்குழல், நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.

2018-ல் தமிழ்நாட்டுப் புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். குறியீடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த வருடமே கொரோனா வந்து, பள்ளிகள் பூட்டியிருந்த மாதங்களில் அது பல வீடுகளில் ஒரே வகுப்பறையாக இருந்தது. 1975-ல் நமக்குக் கிடைக்காதது 44 வருடம் கழித்துக் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். 2024-ல் தொடக்கப் பள்ளிகளில் 20,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் வேலையை அரசு தொடங்கியது.

போன ஆடிப் பெருக்குக்கு ஊருக்கு வந்தபோது அந்தப் பழைய பள்ளிக்குப் போனேன். அந்த டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருப்பவர் அன்பாகவே பேசினார். ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, நெட்டும் இருக்கிறது. "படம் நிறைய இருக்குதுங்க சார். எதைக் காட்டறது, எப்ப நிறுத்தறதுங்கறதுதான் தெரியல" என்றார். ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. காந்தம்? ஒன்று இருந்தது, உடைந்துவிட்டது. தெர்மாமீட்டர் இல்லை. பீரோவில் நாங்கள் 2011-ல் கொடுத்த சி.டி. உறை பிரிக்காமல் இருந்தது. இப்போது அதைப் போட்டுப் பார்க்கும் டிரைவ் அங்கேயும் இல்லை, என் லேப்டாப்பிலும் இல்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். திரையை அரசே கொடுத்துவிட்டது. நாம் இன்னொரு திரை வாங்க வேண்டாம். அந்தத் தொகையில் பாதியை இரண்டு பள்ளிக்கும் பூதக்கண்ணாடி, காந்தம், பாட்டரி, பல்பு, தராசு, தெர்மாமீட்டர் வாங்கவும், உடைந்தால் மறுபடி வாங்கவும் வைப்போம். மீதியில், இப்போது படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை போய், அந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து, எந்தப் படத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, எதைக் கையால் செய்வது என்று பாடம் பாடமாகப் பார்க்கட்டும். பஸ் செலவும் டீ செலவும் நாம் கொடுப்போம். கடலும் எரிமலையும் சந்திரனும் திரையில் வரட்டும். மழையைச் சத்துணவுக் கூடத்திலேயே காட்டிக்கொள்ளலாம்.

தீர்மானம் கொண்டுவந்த நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை போறேன்னு முதல் மாசம் நாலு பேர் வருவாங்க, மூணாவது மாசம் ஒருத்தனும் வர மாட்டான். மெஷின் வாங்கிக் கொடுத்தா அதாவது நிக்கும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேருமே அந்தப் பள்ளிக்கு இரண்டாம் தடவை போகவில்லை. சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுக்குழு. இந்த முறையாவது அதற்கு முன்னால் யாரும் கலைந்து போய்விடாதீர்கள். மூன்றாவது மாதமும் வருவேன் என்கிறவர்கள் பெயர் கொடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாசலில் வைத்திருப்பேன். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.